சத்தம் போடாத உயிரணு

சிச்சுவான், 20 ஜனவரி 2019

அன்புள்ள பெய்ரோங் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். புத்தாண்டுப் பன்றி வெட்டு விருந்தை இந்த வருடம் முன்கூட்டியே வைத்துவிட்டேன். பெரிய பன்றிக்குக் காய்ச்சல், இரண்டு நாளாகத் தீனி தொடவில்லை; செத்து வீணாகுமுன் வெட்டினேன். ஊரே வந்து இரத்தக் குழம்பு சாப்பிட்டது. குட்டிகளுக்குக் காயடிக்கும் லுவோ மாமா, "உங்கக்கா லான்ஜோவுல பன்றிக்கு ஊசி போடுறா, நீ எங்களுக்குச் சோறு போடுற, நீதான்டா கெட்டிக்காரன்!" என்றார். மிச்சத்தை அவரவர் பன்றிக்கு அள்ளிப்போனார்கள். உன் பங்கைப் புகைபோட்டு அனுப்பியிருக்கிறேன்.

தம்பி யொங்சாய்

லான்ஜோ, 26 ஜனவரி

தம்பி,

மூன்று முறை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. காய்ச்சல் என்று படித்ததுமே இறைச்சியை என் ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். சமைக்கவில்லை, சோதித்தேன். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். மனிதருக்கு ஒன்றும் ஆகாது, பன்றி பிழைக்காது.

நான்கு வருடமாக இந்தக் கிருமியின் ஒரு புரதத்தைத்தான் பார்க்கிறேன். பன்றியின் காவல் உயிரணுவுக்குள் போனதும், அபாயச் சத்தம் எழும் இடத்தை அது பிடித்து அமுக்கிவிடும். அந்த உயிரணு பக்கத்து உயிரணுவை எச்சரிக்காமலே சாகும்.

இன்றே ஊரில் சொல். நானே அதிகாரிகளிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ என் தம்பி, அதனால் சொல்லாமல் உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

அக்கா

சிச்சுவான், 19 பிப்ரவரி

அக்கா,

ஊரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லார் கொட்டிலும் காலி. பன்றிகளை அதிகாரிகள் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். தீனி வேளையில் குழிப்பக்கம் உறுமல் கேட்கிறது; என் மனைவி தவிடு கலக்கிவிட்டு, நினைவு வந்து அழுகிறாள்.

வீடு வீடாகப் போன லுவோ மாமாவின் கத்திதான் நோயைக் கொண்டுவந்தது என்று ஊர் முடிவுகட்டியது. "எங்க வாசல மிதிக்காதய்யா!" என்று துரத்தினார்கள். நானும் அங்கே நின்றேன். போன வாரம் பூச்சிமருந்து குடித்துவிட்டார். போய்விட்டார், அக்கா.

என் விருந்து மிச்சத்தில்தான் நோய் பரவியது என்று உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். இத்தனை நாள் நீயும் சொல்லவில்லையே. இனியும் வேண்டாம். உன் காலில் விழுகிறேன்.

யொங்சாய்

லான்ஜோ, 25 பிப்ரவரி

யொங்சாய்,

உன்னைத் திட்ட எனக்கு அருகதை இல்லை. நுண்ணோக்கியில் குனிந்தால் உயிரணுக்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. நம் தெரு மாதிரி இருக்கிறது. என்னால் பார்க்க முடியவில்லை. அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் பாதிக் கொட்டிலாவது தப்பியிருக்கும். அவரும் இருந்திருப்பார்.

இன்று அதிகாரிகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லுவோ அத்தைக்கும் எழுதி, இதோடு தபாலில் சேர்க்கிறேன். ஊர்க்கூட்டத்தில் அதைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். மறைத்தவர்கள் என்று இரண்டு பெயர் எழுதினேன். முதல் பெயர் என்னுடையது.

பெய்ரோங்