பொட்டும் புள்ளியும்

மச்சான்,

மீனுக்காகக் காய்ந்த வாதுமை இலை ஊறவைத்த தண்ணீரின் மணம் இன்னும் என் கையில் இருக்கிறது. சாயம் இறங்கிய அந்தத் தண்ணீரில் கை வைத்தால் உன் ஞாபகம் வரும். உன் குத்தும் ஞாபகம் வரும். கோணிப்போன என் மூக்கைத் தடவிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஓம், நானேதான் எழுதுகிறேன். நாவற்குடாவில் ஒரு பிள்ளை பின்னேரங்களில் எனக்கு எழுத்துப் பழக்குகிறாள். ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. ஆனாலும் வரி முடிகிறது, மச்சான்!

கல்லடியில் உன் வீட்டுப் பின்புறம் நாம் வளர்த்த பைட்டர் மீன்கள் கண்ணுக்குள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஜாம் போத்தலில். போத்தலுக்கும் போத்தலுக்கும் நடுவில் மட்டை. மட்டை சரிந்தால் ஆண்கள் கண்ணாடியில் முட்டி முட்டி வாயைக் கிழித்துக்கொள்ளும். ஒரே தண்ணீரில் விட்டால் வால் கந்தலாகும், ஒன்று செத்து மிதக்கும்.

நீ சிவப்பன் என்று கூப்பிட்ட சிவப்பு ஆணின் குஞ்சுகளில் ஒன்று மட்டும் வேறாக வந்தது. பால்வெள்ளை உடம்பில் மை கொட்டியது போலக் கருநீலத் திட்டுகள். அந்த நிறம் திரும்ப வரவேண்டுமானால் அதைத் தகப்பனோடேயே சேர்க்கவேண்டும் என்றாய். பெண்ணாக இருந்தால் சரி. ஆணாக இருந்தால் சிவப்பன் கிழித்துப்போடுவான். நிறமும் அதோடு போய்விடும்.

ஆணா பெண்ணா என்று காட்டும் செட்டை நீளாத வயது. நீ போத்தலை வெயிலுக்குத் தூக்கி, அதன் வயிற்றின் கீழே இருந்த வெள்ளைப் புள்ளியைக் காட்டினாய்.

"பொட்டு இருக்குடா. பொட்டைதான் இது."

இளம் ஆணுக்கும் சிலவேளை பொட்டு இருக்கும், கண்ணாடியைக் காட்டினால் இது ஆணைப்போலச் செவுளுக்கடித் தாடியை விரிக்கிறது என்றேன். எனக்குக் கண் பூத்துவிட்டது என்றாய். உன் கண்ணைப் பிடுங்கி மீனுக்குப் போடலாம் என்றேன். போத்தலைப் பலகையில் வைத்துவிட்டு என் மூக்கில் குத்தினாய். நான் உன் காதைக் கடித்தேன். கன்னம் புடைக்க ஒருவரை ஒருவர் சுற்றி வந்தோம், கட்டிப்பிடித்து மணலில் உருண்டோம். உன் சட்டையெல்லாம் என் இரத்தம். உன் கால் பட்டுப் பலகை சரிந்தது. போத்தல் கவிழ்ந்து, மீன் நேரே, இணைசேர்க்கவென்று கீழே சிவப்பனை விட்டிருந்த பேசினுக்குள் விழுந்தது.

உன் மனைவி நம் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்களிடம், "மீனுக்கெல்லாம் நடுவில மட்டை வெச்சன். இந்த ரெண்டுக்கும் வைக்க மறந்துபோனன்" என்றாள்.

நனைந்தபடி பேசினுக்குமேல் குனிந்தோம். சிவப்பன் பாய்ந்து அதன் வாலைக் கிழித்தான். திரும்பி வந்து வயிற்றில் இடித்தான். நான் கையை விடப்போனேன். நீ என் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்தாய். அது எதிர்த்துக் கடிக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, இலைக்கடியில் சிவப்பன் கட்டியிருந்த நுரைக்கூட்டின் கீழே போய் நின்றது. அவன் அதை வளைத்து, நெரிப்பதுபோல இறுக்கினான். வெள்ளை முட்டைகள் உதிர்ந்தன. அது செத்ததுபோலச் சாய்ந்து மிதக்க, அவன் முட்டைகளை வாயால் பொறுக்கி நுரைக்குள் துப்பினான்.

காதில் இரத்தம் வடிய நீ சிரித்தாய். அன்றிலிருந்து என்னைக் காணும் இடமெல்லாம், பொட்டு இருந்த இடம் என்று உன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சு நின்ற பிறகும் காட்டினாய்.

இப்போது அந்த மீனின் வம்சத்தில் இன்னொரு மை கொட்டிய மீன் வந்திருக்கிறது. பொட்டும் இருக்கிறது. போத்தலில் ஒட்ட, வகுப்பில் உட்கார்ந்து 'பெண' என்று எழுதினேன். "கடைசி எழுத்துக்குப் புள்ளி வையுங்க ஐயா" என்றாள் பிள்ளை. வைத்தேன். பக்கத்தில் இருக்கும் அதன் தகப்பனின் போத்தலுக்கு 'ஆண' என்று எழுதினேன். அதற்கும் புள்ளி வைக்கச் சொன்னாள்! மேசையில் ஓங்கிக் குத்தினேன், பிள்ளை பயந்துபோனாள். ஆணுக்கும் பொட்டு இருக்கிறது, மச்சான். நான் அன்றைக்கே சொன்னேனே.

இரண்டு போத்தலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இந்தமுறை பெண் என்று சொல்பவன் நான்; இல்லை என்று என் மூக்கில் குத்த ஆளில்லை. அதனால் நடுவில் இருக்கும் மட்டையை எடுக்க எனக்கு இன்னும் கை வரவில்லை.