கவர்னர் சொன்ன பெயர்

லிண்டால், விஸ்கான்சின்
அக்டோபர், வெள்ளிக்கிழமை

அன்புள்ள டுவேன்,

நான் சுகம். உன் நாயும் சுகம், அடுப்படிக் கூரை மட்டும் இன்னும் ஒழுகுகிறது. டெட்ராயிட்டில் தபால் படகு இந்தக் கடிதத்தை உன் சரக்குக் கப்பலில் சேர்க்கும்போது நீ காய்ந்த காலுறையோடு, வயிறாரச் சாப்பிட்டு இருக்க வேண்டும்.

நேற்றைய விவாதத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். ஏரி நடுவில் டிவி எங்கே எடுக்கப் போகிறது? வேறு யாராவது சொல்லி, நீ "நம்ம வெர்னாவா!" என்று வாயைப் பிளப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஜனாதிபதி வேட்பாளர்கள் இருவரும் மேடையில் நிற்கிறார்கள். நாடே பார்க்கிறது. பால் விலையைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. நம் கட்சி வேட்பாளர் கவர்னர் ஹேஸ்கல் காமிராவை நேராகப் பார்த்து, "விஸ்கான்சின்ல லிண்டால்னு ஒரு சின்ன ஊரு. அங்க வெர்னான்னு ஒரு அம்மா இருக்காங்க" என்று ஆரம்பித்தார். அந்த அம்மா பண்ணையை இழந்தாளாம். கடைசிப் பசு ஏலம் போகும்போது அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். ஏலக்காரர் விலையை முடித்த பிறகும் கை கயிற்றை விடவில்லையாம். அவள் கணவர் ஹால்வர் அந்தத் துக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாராம். எதிர்க்கட்சி செனட்டர் பிரெவிட் பதில் சொல்ல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அப்படி ஒரு அடி.

யூனியன் ஹாலில் எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினார்கள். நம் கட்சிக் கிளையின் தலைவி பெக்கி என்னைக் கட்டிக்கொண்டு, "உங்க அக்காடி! உங்க அக்கா பேரைச் சொல்லிட்டாருடி!" என்று அழுதாள். நானும் கை தட்டினேன். தட்டத்தானே வேண்டும்.

டுவேன், அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தவள் நான். என் உள்ளங்கைக்கு மருந்து போட்டவன் நீ. வெர்னா அன்று மாடியறையில் தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தாள். ஜன்னல் திரையைக்கூட விலக்கிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் கேள். இந்தக் கட்சிக்காக நான் எத்தனை தேர்தலில் கதவு தட்டியிருக்கிறேன்! பனியில் கட்சி விளம்பர அட்டை நட்டிருக்கிறேன். கிழவர்களை என் காரில் ஏற்றிப்போய் ஓட்டுப் போட வைத்திருக்கிறேன். வெர்னா ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. கவர்னர் போன மாதம் நம் ஊருக்கு வர ஏற்பாடு செய்தவளும் நான்தான். பூசணிக்காய்க் கேக் சுட்டு, ஹாலைப் பெருக்கி, வாசலில் நின்றேன். அவருடைய பிரசார பஸ் தாமதம். வழியில் கவர்னருக்குக் கழிப்பறை அவசரம். வெர்னா வேலை பார்க்கும் சீஸ் கடையில் நிறுத்தினார்கள். அவள் ஒரு பொட்டலம் சீஸ் கொடுத்து, தன் கதையையும் கொடுத்திருக்கிறாள். ஹாலுக்கு நேரமில்லை என்று பஸ் அப்படியே போய்விட்டது. கேக்கை நானும் பெக்கியும் தின்றோம்.

காலையில் வெர்னா போன் செய்தாள். "எனக்கு ஒண்ணுமே புரியல ஆர்லிஸ். விடிஞ்சதிலேருந்து போன் ஓயல. மில்வாக்கி மேடைக்கு வரணுமாம்" என்று அலுத்துக்கொண்டாள். அலுப்பா அது? குரலில் தேன் ஒழுகியது. மேடைக்குப் போட என் நீலக் கோட்டைக் கேட்டு, உடனே வீட்டுக்கே வந்து நின்றாள். கொடுத்தேன். "பட்டன் பத்திரம்" என்று மட்டும் சொன்னேன்.

என்னை மட்டமாக நினைக்காதே. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது.

உன்
ஆர்லிஸ்


லிண்டால்
அக்டோபர், ஞாயிறு மாலை

அன்புள்ள டுவேன்,

உன் கடிதம் வந்தது. "வெர்னாவுக்கு என் வாழ்த்தைச் சொல்" என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன். எனக்கும் இரண்டு வரி எழுதியிருந்தாய், அதற்கு நன்றி.

இப்போது ஊரில் வெர்னாவைத் தவிர வேறு பேச்சில்லை. சீஸ் கடை வாசலில் "வெர்னா இங்கேதான்" என்று பலகை. சிகாகோவிலிருந்து வருகிறவர்கள் அவளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் அவளிடம் யாரும் காசு வாங்குவதில்லை. சர்ச்சில் பாதிரியார் எல்லோர் முன்னாலும், "நம்ம வெர்னா" என்றார். நான் வாரா வாரம் காப்பி போடுகிற சர்ச்சில்!

தலைமையகத்திலிருந்து வந்திருக்கும் பெண் ஒருத்தி, பெயர் கோர்ட்னி, வெர்னாவை மேடை மேடையாக அழைத்துப் போகிறாள். ஒருநாள் வண்டிக்கு ஆள் இல்லை என்று என்னை ஓட்டச் சொன்னாள். ஓட்டினேன். மேடைக்குப் பின்னால் வெர்னாவின் பையை என் கையில் கொடுத்து, "நீங்க இங்கயே இருங்க. டிரைவருக்கெல்லாம் உள்ள பாஸ் இல்ல" என்றாள். வெர்னா திரும்பி, "அவ என் தங்கச்சி" என்றாள். அதற்குள் கூட்டம் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூட்டம் இழுத்ததா, அவளாகப் போனாளா, எனக்குத் தெரியவில்லை.

மேடையில் அவள் நன்றாகப் பேசுகிறாள் டுவேன். அதுதான் தாங்கவில்லை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சை இழுக்க வேண்டும் என்று கோர்ட்னி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். "கயிறு என் கையை விட்டுப் போச்சு" என்னும் இடத்தில் கையைத் தூக்கிக் காட்டுகிறாள். அந்தக் கையில் ஒரு தழும்பு கிடையாது.

வியாழக்கிழமை நம் வீட்டுக்கு ஒருவன் வந்தான். பிரென்ட் என்று பெயர். செனட்டர் பிரெவிட்டின் ஆள். எதிர்க்கட்சிக்காரனை நான் படியேற்றியிருக்கக் கூடாது. ஆனால் அவன் வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி, "அம்மா, அந்தக் கயிறு உண்மையில யார் கையில இருந்துச்சு?" ஊரில் இத்தனை பேர் இருந்தும் இதை என்னிடம் கேட்டவன் அவன் ஒருவன்தான். உள்ளே வரச் சொன்னேன். கேக் வைத்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டான். எல்லாம் சொன்னேன்.

கிளம்பும்போது, "அப்ப பண்ணை போனது பால் விலையாலதானா?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டான். "பால் விலைதான். கொஞ்சம் ஹால்வர் நாய்ப் பந்தயத்துல விட்டதும்" என்றேன். அந்த வார்த்தை எப்படி வந்தது என்று தெரியாது. அவன் தொப்பியை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் போன் வந்தது. சிகாகோவில் நடக்கும் கடைசி விவாதத்துக்கு நான் செனட்டரின் விருந்தாளியாக வர வேண்டுமாம். முதல் வரிசை. "நீங்க வாயே திறக்க வேண்டாம்மா. உக்காந்தாப் போதும்" என்றான். கவர்னருக்கு நேர் எதிரே என்னை உட்கார வைத்தால் அவர் தடுமாறுவார் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அது தெரியாமலில்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். பெக்கிக்குத் தெரியாது, வெர்னாவுக்கும் தெரியாது. நான் கட்சி மாறவில்லை டுவேன். ஒருநாள் நாற்காலி மாறுகிறேன், அவ்வளவுதான். "போகாதே" என்று நீ எழுதினாலும் அது வந்து சேர்வதற்குள் நான் போய்த் திரும்பியிருப்பேன்.

உன்
ஆர்லிஸ்


லிண்டால்
நவம்பர், தேர்தலுக்கு மறுநாள்

அன்புள்ள டுவேன்,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கப்பல் வானொலியில் பாதி கேட்டிருப்பாய். மீதியை நான் சொல்கிறேன்.

சிகாகோவில் எனக்கு முடி திருத்தி, முகத்துக்குப் பவுடர் போட்டு, சட்டையில் செனட்டரின் பெயர் போட்ட வில்லையைக் குத்தி உட்கார வைத்தார்கள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் வெர்னா, என் நீலக் கோட்டில். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, குழந்தைபோல் கையை ஆட்டினாள். தன்னைப் பார்க்கத்தான் நான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அப்புறம் என் வில்லை கண்ணில் பட்டது. கை மெல்லக் கீழே இறங்கியது.

கவர்னர் மறுபடி அந்தக் கதையைத் தொடங்கினார். இந்தமுறை செனட்டர் காத்திருந்தார். "கவர்னர் கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா கயிறு பிடிச்சது வெர்னா இல்ல, அவங்க தங்கச்சி. இதோ முன்னாலேயே உக்காந்திருக்காங்க, ஆலிஸ். பண்ணைய முழுங்குனது பால் விலையும் இல்ல, நாய்ப் பந்தயம்" என்றார்.

ஆலிஸ். நாடு முழுக்க என் பெயரைக் கேட்க வேண்டிய ஒரே நாளில் அவர் சொன்ன பெயர் ஆலிஸ்.

சபை சிரித்தது. ஹால்வரைப் பார்த்துச் சிரித்தது. செத்துப்போன மனிதன், டுவேன். நம் கல்யாணத்தில் அக்கார்டியன் வாசித்தவன். பெரிய திரையில் என் முகம் வந்தது. பவுடர் பூசிய அந்த முகம் யாருடையது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை.

முடிந்ததும் பிரென்ட் என் முழங்கையைப் பிடித்தான். "வாங்கம்மா, பத்திரிகைக்காரங்க காத்திருக்காங்க. ரெண்டே வார்த்தை." "வாயே திறக்க வேண்டாம்னியே?" என்றேன். "அது அப்போ" என்றான். கையை உதறிவிட்டு நடைபாதையைத் தாண்டினேன். அந்தப் பக்கம் போகக் கூடாது என்று காவலாளி கையை நீட்டினான். "அது எங்க அக்காப்பா" என்றேன். விட்டுவிட்டான்.

பெண்கள் கழிப்பறை வாசலில் கோர்ட்னி போனில், "இல்ல, இனிமே இவங்கள எந்த மேடையிலயும் ஏத்த வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே வெர்னா. கோட்டைக் கழற்றி மடித்து என்னிடம் நீட்டினாள். "பட்டன் எல்லாம் இருக்கு. எண்ணிக்கோ" என்றாள். நான் வாங்கவில்லை.

"கயிறு உன்னுதுன்னு நான் கவர்னர்கிட்ட சொன்னேன்" என்றாள். "என் தங்கச்சிதான் நின்னா, நான் மேல படுத்துக் கிடந்தேன்னு அப்படியேதான் சொன்னேன். அவங்கதான் மாத்திட்டாங்க. ஒரு பதிலுக்கு ஒரு பொம்பளைதான் தாங்குமாம்."

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். பிறகு, "சொல்லத்தான் நெனச்சேன். நீ கோட்டக் கொடுத்த அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தேன். நம்ம வாழ்க்கைல முதல் தடவையா நீ என்னப் பாத்து வயிறெரிஞ்சே. கொஞ்ச நாள் எரியட்டும்னு விட்டுட்டேன்" என்றாள். "உனக்குக் கடுதாசி எழுத ஒரு ஆளு இருக்கான் ஆர்லிஸ். நீ அத எங்கிட்ட சத்தமாப் படிச்சுக் காட்டுவே. ஒவ்வொரு தடவையும்."

நான் அப்படிச் செய்வேன், உண்மைதான். அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படித்தான் நினைத்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் மைக்குகள் மொய்த்தன. ஹால்வர் பந்தயத்துக்குப் போனது உண்மையா என்று ஒருத்தி கேட்டாள். "உண்மைதான். தீவனக்காரனுக்குக் கொடுக்கப் பாலுல காசு வரலன்னுதான் அங்க போனான். மொதல்ல பால், அப்புறம்தான் நாய். வரிசைய மாத்தி எழுதாதீங்க" என்றேன். எந்தச் சானலும் அதைப் போடவில்லை.

எங்களை அழைத்து வந்த இரண்டு வண்டிகளும் போய்விட்டிருந்தன. இரு கட்சிக்கும் நாங்கள் பயன்படாதவர்களாகிவிட்டோம். பஸ் பிடித்தோம். வெர்னா எனக்கு நான்கு வரிசை முன்னால் தனியாக உட்கார்ந்தாள். மேடிசனில் இறங்கிக் காப்பி வாங்கினாள். ஒன்றுதான் வாங்கினாள்.

நேற்று கவர்னர் தோற்றுவிட்டார். நம் மாநிலத்தில் மயிரிழையில் போயிற்று. என்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பெக்கி வந்து யூனியன் ஹால் சாவியை வாங்கிக்கொண்டு போனாள், உட்காரக்கூட இல்லை. சீஸ் கடையில் பலகையைக் கழற்றிவிட்டார்கள். வெர்னா மறுபடி கல்லாவில் நிற்கிறாள். ஆனால் அவள் வீட்டுக்கு ஊர்க்காரர்கள் மூடி போட்ட பாத்திரங்களில் சாப்பாடு கொண்டுபோகிறார்கள். உருளைக்கிழங்கு, கறி, நூடுல்ஸ் என்று தெருவே மணக்கிறது. என் வீட்டுக்கு ஒரு தட்டுகூட வரவில்லை. ஜன்னலருகே நின்று ஒவ்வொரு பாத்திரமாகப் பார்க்கிறேன் டுவேன். இன்னும்கூட வயிறெரிகிறது. இதை உன்னிடம் மறைத்து என்ன பயன்?

நேற்று ஓட்டுச் சாவடியில் அவள் எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள். அவள் வாழ்க்கையின் முதல் ஓட்டு. சீட்டை எப்படி மடிப்பது என்று தெரியாமல் திரும்பி என்னைப் பார்த்தாள். மடித்துக் காட்டினேன். சரி என்று தலையை ஆட்டினாள். சிகாகோவுக்குப் பிறகு எங்களுக்குள் நடந்தது அவ்வளவுதான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவளுக்கு ஒரு கடிதம் எழுது. என் கடிதத்துக்குள் வைத்து அனுப்பாதே. தனி உறையில், அவள் பெயரும் அவள் முகவரியும் போட்டு அனுப்பு. ஹால்வரும் நீயும் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடித்த நாட்களைப் பற்றி எழுது. நீளமாக எழுது. எனக்கு எழுதுவதைவிட நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் என்ன எழுதினாய் என்று உன்னைக் கேட்க மாட்டேன். அவளையும் கேட்க மாட்டேன்.

நவம்பர் காற்று உன் கப்பலை விட்டு விலகியே வீசட்டும். நீ கரை சேரும்வரை ஏரி உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்
ஆர்லிஸ்