ஸ்ட்ராபெரிப் பாத்தியும் நாலு மீட்டர் வழியும்

2009 மார்ச் 9, திங்கள்

இன்று காலையில் மட்டும் நாற்பத்திரண்டு பேர். சன்னலோரம் காப்பியோடு உட்கார்ந்து எண்ணினேன். ரயில் நிலையத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகப் பாலம் இருக்கிறது, சுற்றிப் போனால் இருபது நிமிடம். இந்தப் படித்த கூட்டத்துக்கோ என் வேலிக்கும் ரயில்வே சுவருக்கும் நடுவிலுள்ள ஒரு மீட்டர் இடுக்குதான் ராஜபாட்டை. சேறாக இருந்தால் வேலியைத் தாண்டி என் ஸ்ட்ராபெரிப் பாத்தியிலேயே கால் வைக்கிறார்கள். கேட்டால், மரியாதைக்கு ஒரு மிசே: "மன்னிச்சுக்குங்க மிசே, கிளாசுக்கு நேரமாச்சு."

இடுக்கை மூடச் சொல்லி நான் போட்ட மனுவை நகர மன்றம் எடுத்துக்கொண்டது. அடுத்த திங்கட்கிழமை விசாரணை ஆரம்பம். பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 16

நகர மன்றத்தில் பதிவேடு வைத்துவிட்டார்கள். பதினைந்து நாளுக்கு யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். முதல் ஆள் நான்தான். மூன்று பக்கம். 'இங்கே எந்தக் காலத்திலும் வழி இருந்ததில்லை. முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் தபால் கொடுத்தவன் சொல்கிறேன்.' கீழே, 'ஆன்செல்ம், தலைவர், பிரேவில் வரலாற்றுச் சங்கம்.' சங்கத்தில் மூன்றே பேர் என்பதை எழுதவில்லை. ஒருவர் முதியோர் இல்லத்தில் இருப்பதையும்.

நகலை சொலாஞ்ஜ் அக்காவிடம் காட்டினேன். "இல்லாத வழிக்கு மூணு பக்கமாடா? ஒரு வரி போதாதா?" என்றாள். பொறாமை.

மார்ச் 19

விசாரணை அதிகாரி ஆதாரம் கேட்கிறார். கேட்கட்டுமே. நான் எழுதிவரும் ஊர் வரலாற்றுக்கு வரைபடம் சரிபார்த்துத் தரும் மதாம் நவால் பென்ஹத்துவிடம் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் புவியியல் ஆசிரியை. பழைய நில வரைபடத்தை இன்றைய வரைபடத்தின்மேல் வைத்துக் காட்டுவதாகச் சொன்னார். கூடவே ஒரு குத்தல்: "உங்க புத்தகத்துல வெள்ளம், கொள்ளைநோய், அடுத்த அத்தியாயம் நாங்க. வரிசை நல்லாத்தான் இருக்கு மிசே."

பின்னே? மேட்டில் ஊர், பள்ளத்தில் ஓடை, நடுவில் பாரீஸ் சந்தைக்குப் போகும் பீன்ஸும் ஸ்ட்ராபெரியும் - நூறு வருடம் அப்படித்தான் இருந்தது. அறுபத்தைந்தில் கோட்டும் சூட்டுமாக நாலு பேர் வந்து வயலில் முளைக்குச்சி அடித்தார்கள். அடுத்த வருடம் பீன்ஸுக்குப் பதில் கான்கிரீட் முளைத்தது.

மார்ச் 24

1826-ஆம் வருட வரைபடம். நவால் அதன்மேல் மெல்லிய தாளை விரித்துப் பென்சிலால் இழுத்தார். ஊரிலிருந்து ஓடைக்கரை மாவு ஆலைக்கு ஒரு பொது வழி. என் வீட்டை ஒட்டி. நாலு மீட்டர் அகலம்.

இன்று இருப்பது ஒரு மீட்டர். மீதி மூன்று?

நவால் பென்சிலை என் பாத்தியின்மேல் வைத்தார். "உங்க ஸ்ட்ராபெரி ரொம்ப இனிப்புன்னு பசங்க சொல்றாங்க. நடுரோட்டுல விளையுதில்ல, அதான்."

நீங்கள் பதிவேட்டில் எழுதிவிடுவீர்களா என்று கேட்டேன்.

"நான் எதுக்கு? வழியே இல்லைன்னு கையெழுத்துப் போட்டது நானில்லையே மிசே."

மார்ச் 25

அறுபத்தாறு, கோடை. பல்கலைக்கழகத்துக்காக அப்பாவின் பதினோரு வயலையும் முந்தைய வருடமே எடுத்துக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியது வீடும் தோட்டமும். ஒரு மத்தியானம் அப்பா வேலியைப் பிடுங்கி வெளியே தள்ளி நட்டார். "எங்கிட்டேருந்து எடுத்தாங்கல்ல" - அவ்வளவுதான் சொன்னார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? நான்தான். பதினாலு வயது.

மறந்துவிட்டேனா? ஊரில் ஒவ்வொரு வாசற்படியும் தெரிந்த தபால்காரன் மூன்று மீட்டரை மறப்பானா? வெட்கமாக இருக்கிறது. அப்பாவை நினைத்தால் அழுகையும் வருகிறது.

மார்ச் 27

பதிவேட்டில் அந்த மூன்று பக்கத்தைக் கிழிக்க முடியுமா என்று போய்ப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் எண், சுருக்கொப்பம். சே.

மார்ச் 28

அக்காவிடம் சொல்லிவிட்டேன். கேரட் சீவிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"தெரியும். வேலி நட்ட அன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கும் சூப் வச்சது யாரு?"

"ஏன்க்கா இத்தனை நாளா சொல்லல?"

"நீ எங்கே கேட்டே? நீதான் வரலாற்றுச் சங்கத் தலைவராச்சே."

அப்பா பேர் கெட்டுவிடும் என்றேன். அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள். "பதினோரு வயலைப் பறிகொடுத்தவர் மூணு மீட்டர் எடுத்தார்னு சேர்த்து எழுது. பேரு ஏன்டா கெடுது? இப்ப மறைச்சா உன் பேருதான் கெடும்."

மார்ச் 30

ஐந்து மணிக்குப் பதிவேட்டை மூடுகிறார்கள். நாலரைக்குப் போனேன். 'முதல் மூன்று பக்கத்தை எழுதியவன்தான் இதையும் எழுதுகிறேன். அது பொய். வழி உண்டு, நாலு மீட்டர். 1966-இல் என் அப்பா மூன்று மீட்டரை உள்ளே எடுத்தார். அதற்கு முந்தைய வருடம் அவரிடமிருந்து பதினோரு வயல் எடுக்கப்பட்டது. கம்பம் பிடித்தவன் நான்.' வரைபட நகலை இணைத்தேன். சங்கத் தலைவர் என்று போடவில்லை, வெறும் பெயர்தான்.

எழுத்தர் பெண் தலைகீழாகவே படித்து முடித்துவிட்டு, என் சட்டைப்பையைக் காட்டி, "பேனா எங்களோடது மிசே" என்றாள்.

மே 11

வழி வழியாகவே இருக்கும் என்று தீர்மானம் வந்தாயிற்று. வேலியைப் பழைய இடத்துக்கே நகர்த்தினேன். கம்பத்தைப் பிடித்தது அக்கா. கோணல், கோணல் என்று கடைசிவரை தொணதொணத்தாள். ஸ்ட்ராபெரிப் பாத்தி முழுவதும் வெளியே போய்விட்டது. காய் பிடித்திருக்கும்போது பிடுங்க மனம் வரவில்லை.

ஜூன் 4

நவால் கூப்பிட்டதால் அவருடைய மாணவர்களுக்கு ஊர் வரலாற்றைச் சொல்லப் புறப்பட்டேன். வெளுத்த சட்டை, காலில் பளபளக்கும் சப்பாத்து. புது வழியாகவே நடந்தேன். பாத்தியில் ஒரு பழம் சிவந்து கிடந்தது. குனிந்து பறித்து வாயில் போட்டேன்.

பின்னால் புத்தகப்பையோடு ஒரு பெண் ஓடிவந்தாள். "ஐயோ மிசே, அதைப் பறிக்காதீங்க. அந்த வீட்டுல ஒரு தபால்காரர் இருக்காரு, பார்த்தார்னா கத்தியே கொன்னுடுவாரு."

"ஆள் இன்னிக்கு ஊர்ல இல்லம்மா" என்று சொல்லி, அவளுக்கும் இரண்டு பறித்துக் கொடுத்தேன்.