பாத்ரூமிலிருந்து வந்த சிரிப்பு

மார்ச் 4, செவ்வாய்

கீழ் வீட்டுக்காரர் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடி மாற்றத்தான் வந்திருக்கிறார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உட்கார வரலைங்க. உங்க பாத்ரூம் தண்ணி எங்க சமையல்கட்டுல சொட்டுது. அடுப்புக்குப் பக்கத்துல பக்கெட் வச்சிருக்கோம்." போய்ப் பார்த்தேன். மேற்கூரையில் மஞ்சளாக ஒரு கறை. மானம் போயிற்று. பிளம்பர் நம்பரையும் அவரே கொடுத்தார். "நல்ல வேலைக்காரன். வாய்தான் கொஞ்சம் நீளம்."

மனைவியிடம் சொன்னேன். "ம்" என்றாள். போன கோடையில் அவள் அக்கா இறந்ததிலிருந்து இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். வெளியே போகலாமா? ம். போக மாட்டாள். பெரிய டிவி வாங்கி வைத்தேன். அதற்கும் ஒரு ம்.

மார்ச் 5, புதன்

பிளம்பர் வந்தான். நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் சீப்பு. கமோடைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, அடியில் விரிசல், உடைத்து எடுத்துப் புதிதாகத்தான் வைக்க வேண்டும் என்றான்.

"ஒட்டுப் போட முடியாதா?"

"போடலாம் சார். அடுத்த தடவை தண்ணி சொட்டாது, நீங்களே கமோடோட கீழ் வீட்டுல இறங்கிடுவீங்க."

நான் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பினால் — அவள்!

இத்தனை மாதமாக நான் தலைகீழாக நின்றும் வராத சிரிப்பு.

மார்ச் 6, வியாழன்

மதியம் கடையை மூடிவிட்டுச் சாப்பிட வந்தேன். (வழக்கமாக டப்பாதான். இன்று ஏன் வந்தேன்? சரி, விடு.) படியேறும்போதே சிரிப்புச் சத்தம். பழைய கமோடைப் பெயர்த்து வீட்டு நடையில் வைத்திருக்கிறான். உள்ளே அவன் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். இவள் பாத்ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறாள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

"என்ன கதை?"

"ஒண்ணுமில்லீங்க."

அவனுக்குக் கதை. எனக்கு ஒண்ணுமில்லை. அவன் கேட்காமலே இரண்டாவது டீ வேறு. வந்த மறுநாளே "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டான்.

மார்ச் 7, வெள்ளி

வேலை முடியும்வரை கீழ் வீட்டு பாத்ரூம்தான். காலையில் தோளில் துண்டோடு படியிறங்கும்போது எதிரே வருகிறவர்கள் எல்லாம் "என்ன, வேலை நடக்குதா?" என்கிறார்கள். நடக்கிறது. நன்றாகவே நடக்கிறது.

வாசலைத் தாண்டாதவள் இன்று அவனோடு கடைக்குப் போய் கமோடு எடுத்து வந்திருக்கிறாள். "உயரமா ஒண்ணு எடுத்திருக்கேன்."

"நமக்கெதுக்கு உயரம்? ரெண்டு பேருக்கும் கால் நல்லாத்தானே இருக்கு?"

"ம்."

மார்ச் 8, சனி

ஒரு அம்மாவுக்கு இடது கண்ணாடியை வலது பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டேன். போட்டுக்கொண்டு வாசலில் தடுமாறினார். மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தேன். புத்தி எங்கே இருக்கிறது?

அவள்மேல் சந்தேகம் இல்லை. சத்தியமாக இல்லை. சந்தேகமாக இருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இது வேறு. அவள் சிரிப்பு எங்கே போனது என்று வீடெல்லாம் தேடினேனே, அதை எங்கிருந்தோ வந்த ஒருவன், கையில் ஸ்பேனரோடு, ஒரே நிமிடத்தில்... வயிறு எரிகிறது. அவ்வளவுதான். எழுதிவிட்டேன்.

போன் செய்தேன். "நாளைக்கு நான் வீட்டுல இருக்கேன். நாளைக்கு வந்து முடிச்சிடுங்க. இனிமே நான் இல்லாதப்ப வர வேணாம்." "சரிங்க சார்" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியது மாதிரி இருந்தது. இறங்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

வந்தான். அவள் சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை. ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன், காவல்காரன் மாதிரி. கமோடைத் தூக்கி வைத்து, மட்டம் பார்த்து, சிமெண்ட் பூசினான். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தான். அப்புறம் முடியவில்லை அவனுக்கு.

"சார், உங்க வீட்டம்மா சின்ன வயசுல பெரிய ரவுடியாமே!"

"யாரு சொன்னா?"

"அவங்கதான். இவங்க அக்கா காலையில பாத்ரூம்ல போய்ப் பாட ஆரம்பிச்சா வெளியவே வர மாட்டாங்களாம். ஒரு நாள் இவங்க வெளித்தாழ்ப்பாளைப் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போயிட்டாங்களாம். அந்த அக்கா மத்தியானம் வரைக்கும் உள்ளேயே பாடிக்கிட்டு இருந்தாங்களாம் சார்!"

இருபத்தோரு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். எனக்குத் தெரியாத கதை. இவனுக்குத் தெரிகிறது. இன்னொரு பிடி எரிச்சல்.

அப்போதுதான் அதைச் சொன்னான். "அடுத்த மாசம் அவங்க அக்கா வர்றாங்களாமே. முட்டி வலியாமே பாவம். அதான் உயரமானதா வேணும்னு கடை கடையா ஏறி இறங்கினாங்க. வந்தப்புறம் சொல்லுங்க சார், பிடிச்சு எழுந்திருக்க ஒரு கைப்பிடியும் போட்டுத் தரேன்."

ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன்.

"சொல்றேன்" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

கடைக்குப் போகவில்லை.

என்ன கேட்பது? எப்படிக் கேட்பது? கடைசியில் சாப்பிடும்போது வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "உங்க அக்காவுக்கு அந்த உயரம் சரியா இருக்குமா?"

தட்டிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம்: "எனக்குப் பைத்தியம்னு நினைக்கிறீங்களா?"

"இல்லை."

"'கூடப் பிறந்தவங்க உண்டா அக்கா'ன்னு அந்தத் தம்பி சும்மாதான் கேட்டான். 'அக்கா இருக்கா'ன்னு வாயில வந்துடுச்சு. 'இருந்தா'ன்னு வரல. அவனுக்குத் தெரியாதில்ல? தெரியாதவன்கிட்ட அவ உயிரோட இருந்தா. ரெண்டு நாள் எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? இங்க அவ பேரையே யாரும் எடுக்க மாட்டேங்கிறீங்க. நான் ஆரம்பிச்சாலும் பேச்சை மாத்துறீங்க, டிவியைப் போடுறீங்க."

அழுவாள் என்றுதான்... பேரைச் சொன்னால் அழுவாளே என்றுதான் செய்தேன். இப்போதும் அழுதாள். எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனேன். "எங்கேயும் போகாதீங்க, உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

மார்ச் 11

கீழ் வீட்டில் ஒழுகல் நின்றுவிட்டதாம்.

மார்ச் 12, புதன்

பிளம்பர் சீட்டும் மூடியும் மாட்ட வந்தான். வரச் சொன்னவனே நான்தான். "நான் கடையில இருப்பேன், வீட்டம்மா இருப்பாங்க, வாங்க" என்று. ஆனாலும் போக மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அவளே அவனிடம் சொன்னாள். "தம்பி, எங்க அக்கா வர மாட்டா. அவ போயிட்டா. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அந்தத் தாழ்ப்பாள் கதை மட்டும் நிஜம்தானேக்கா?" என்றான்.

"அது நிஜம்டா" என்று சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நானும் சிரித்தேன். பொறாமை போய்விட்டதா? எங்கே போகும்! கைப்பிடி போடட்டுமா வேண்டாமா என்று அவன் அவளைத்தான் கேட்டான், என்னை இல்லை. போடச் சொன்னாள். எங்களுக்கும் வயசாகுமாம்.

மார்ச் 16, ஞாயிறு

காலையிலிருந்து அக்கா கதைதான். மழையில் நனைந்து மருதாணி கலைந்தது, ஒரே சட்டைக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டது. நடுவில் ஒரு தடவை அழுதாள். நான் பேச்சை மாற்றவில்லை. பிளம்பருக்குச் சொல்லாத கதையாக ஒன்று சொல்லு என்று கேட்டேன். "அட, இதுக்குப் போய் போட்டியா!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அப்படி ஒன்று இருக்கிறதாம். அவள் அம்மாவுக்கே தெரியாதாம். டீ கலந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்று போனாள்.

இதோ, கூப்பிடுகிறாள்.