மருந்துக் கவரில் போட்ட எழுத்து

அன்பு மகள், என் செல்ல மைக்கூட்டுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை, அலுப்புதான், உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீ இரண்டு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைந்து அனுப்பிய கையெழுத்து ஃபாண்ட்டை நம் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் போட்டேன், சோப்புப் பெட்டிக்குப் போட்டேன், கொம்பும் சுழியும் முடியிழை மாதிரி ஓடுவதைப் பார்த்து யார் செய்தது என்று கேட்காதவர்கள் இல்லை. என் மகள், என் மகள் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிதாக, வழவழத் தாளில் மட்டும் போடுங்கப்பா, சின்னதாக்கினால் மெல்லிய கோடு நிற்காது என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். காதில் வாங்கினேனா? தெருமுனை டாக்டர் மருந்துக் கவர் அச்சடிக்கக் கொடுத்தபோது அதிலும் உன் எழுத்தைத்தான் போட்டேன். பழுப்புத் தாள், பொடி எழுத்து, காலை மதியம் இரவு என்ற மூன்று கட்டங்களின் தலைப்பில் பாதிக் கோடு ஏறவேயில்லை. என்னங்க இது, கண்ணாடி போட்டும் தெரியலையே என்றாள் அம்மா. உனக்கு ரசனை போதாது என்று அவள் வாயை அடைத்தேன்.

போன வாரம் பக்கத்துத் தெருவில் ரிட்டயரான பஸ் டிரைவர், அந்தக் கவரில் காலைக் கட்டம் எது, இரவுக் கட்டம் எது என்று தெரியாமல், ராத்திரி போட வேண்டிய தூக்க மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உருண்டுவிட்டார். மணிக்கட்டு முறிந்துவிட்டது, நல்லவேளை, தலை தப்பியது. டாக்டர் கவரோடு கடைக்கே வந்து கத்தினார். நாலு பேர் பார்க்க நின்றதில் எனக்குப் புத்தி கெட்டுப்போய், என் மகள் அனுப்பின எழுத்துலதான் சார் கோளாறு, நான் என்ன பண்ணுவேன் என்று சொல்லிவிட்டேன். ஆமாம்மா, சொன்னேன். பெற்ற பெண்ணைக் காட்டிக்கொடுத்துத் தப்பித்தேன். அன்றிலிருந்து அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

உனக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்று காலை முதலில் டிரைவர் வீட்டுக்குப் போனேன். விடுங்க, முப்பது வருஷம் ஓட்டின கை, கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று அவர் சிரித்தார், எனக்குத்தான் அழுகை வந்தது. அப்புறம் டாக்டரிடம், காத்திருந்த நோயாளிகள் காதில் விழும்படியே, எழுத்தில் கோளாறு இல்லை சார், வேண்டாமென்று என் மகள் சொல்லியும் போட்டவன் நான்தான் என்றேன். அவர் மிச்சக் கவர்களை என் கையில் கொடுத்துவிட்டு, இனிமேல் வேறு இடத்தில் அடித்துக்கொள்கிறேன் என்றார். நியாயம்தான். வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். முட்டிவலியோடு என் பின்னாலேயே வந்திருக்கிறாள். வாங்க, வீட்டுக்குப் போலாம் என்றாள்.

கண்ணுக்கு ஓய்வு கொடு, குனிந்தே உட்காராதே. நன்றாக இரு, உன் கைக்கு ஒரு குறையும் வராது. கோபமிருந்தால் அம்மாவிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளாதே, என்னையே போனில் கூப்பிட்டுத் திட்டு. எடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் பெயரைச் சொல்லித் தப்பித்த
அப்பா