மழையிலும் குருவிக்குப் பசிக்கும்

அன்பு பாப்பாவுக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் சுகம். இந்த வரியைப் பொய் இல்லாமல் எழுத மூன்று மாதம் காத்திருந்தேன், அதனால் இன்னொரு தடவையும் எழுதிக்கொள்கிறேன், சுகம். உனக்கு அங்கே சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக நடக்கிறது என்று நம்புகிறேன். இப்போது சொல்லப்போவதைப் படித்துப் பதறாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. மழை தொடங்கிய வாரம் அம்மா தோட்டத்தில் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. நீ புது வேலையில் சேர்ந்த நேரம், சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வீடியோவில் அத்தனை நாளும் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டிக்கொண்டிருந்தது அதனால்தான்.

விழுந்தது எதற்குத் தெரியுமா, குருவிகளுக்கு அரிசி வைக்கப் போய். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏங்க, தட்டுல அரிசி வச்சீங்களா என்று கேட்கிறாள். மழைக்காலத்துல அதுங்களுக்குப் புழு பூச்சிக்கா பஞ்சம், இந்தக் குருவி உத்தியோகத்தை இத்தோட விடு என்றேன். எலும்பு முறிந்ததற்கு அழாதவள் அதற்கு அழுதுவிட்டாள் பாப்பா. அடை மழையில பூச்சி எங்கங்க பறக்கும், கீழே கிடக்கிற தானியமும் ஊறி அழுகிப்போகும், வருஷம் பூரா வச்சுட்டு இப்ப நிறுத்தினா அதுங்க வந்து பார்த்துட்டு வெறும் வயித்தோட போகும் என்றாள். சரி, நான் வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு ஒரு தட்டு அரிசி வைக்கத் தெரியாதா என்ற மிதப்பு எனக்கு. அம்மாவின் நெளிந்த அலுமினியத் தட்டைப் பரணில் போட்டுவிட்டு, பளபளவென்று புது எவர்சில்வர் தட்டில் அரிசியைக் கொட்டி, நனையாமல் இருக்கட்டும் என்று புதருக்கு அடியில் வைத்தேன். ஒரு குருவி எட்டிப் பார்க்க வேண்டுமே, ஐந்து நாளும் வைத்த அரிசி வைத்தபடியே இருந்தது. பின்னறையில் படுத்திருந்த அம்மா தினமும் கேட்பாள், நானும் கூசாமல், அடிச்சுப் பிடிச்சு சாப்பிட்டுச்சு என்பேன். ஆறாம் நாள், வால் இல்லாத மைனா வந்துச்சா என்று கேட்டாள். ஓ, அதுதான் முதல் ஆள் என்றேன். அப்படி ஒரு மைனாவே கிடையாதுங்க என்றாள். திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் போல நின்றேன். தட்டையும் இடத்தையும் விசாரித்தவள், கட்டுப் போட்ட கால் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். தட்டு கண்ணைக் கூசுது, புதருக்குள்ள பூனை உட்கார்ந்திருக்கும், இந்த விருந்துக்கு யாருங்க வருவா என்றாள்.

பழைய தட்டை இறக்கினேன். திறந்த இடத்தில் நாலு கம்பு நட்டு மேலே தகரம் போட்டேன். மாடி வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டு அம்மாவின் கட்டிலை முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்தினோம். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை, மதில்மேல் ஒரு குருவி. கீழே குதித்தது, பயந்து மேலே போனது, மறுபடி வந்து ஒரே ஒரு மணியைக் கொத்தியது. அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் பொத்தான் தெறித்துவிட்டது. என் பஸ்ஸில் எத்தனையோ லட்சம் பேர் ஏறியிருக்கிறார்கள், ஒருவர் ஏறியதற்குக்கூட நான் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அடுத்த வாரம் பதினாலு குருவி, நாலு மைனா, இரண்டு புறா.

கட்டுப் பிரித்த பிறகுதான் சங்கடம். காலைத் தரையில் ஊன்றவே அம்மாவுக்குப் பயம். பயிற்சி கொடுக்க வரும் பெண் கெஞ்சிப் பார்த்தாள், நான் அதட்டியும் பார்த்தேன், மறுபடி விழுந்துடுவேங்க என்று கட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். இனி இப்படியேதானோ என்று எனக்குள் ஒரு கலக்கம், யாரிடமும் சொல்லவில்லை. பதினைந்து நாள் கழித்து ஒரு காலை அடுப்பில் டீ வைத்துவிட்டுத் திரும்பினால் கட்டில் காலி. வாசலில் சுவரைப் பிடித்தபடி நிற்கிறாள், கைத்தடி மெத்தையிலேயே கிடக்கிறது. வாயைத் திறக்கப் போனேன், சத்தம் போடாதீங்க, பறந்துடும் என்று கையைக் காட்டினாள். தாய்க்குருவி ஒன்று இரண்டு குஞ்சுகளைக் கூட்டி வந்து, சாரலில் ஊறின அரிசியை எடுத்து எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் நின்ற ஓரத்தை ஜன்னலிலிருந்து பார்த்தால் தகரம் மறைக்குமாம், அதனால் எழுந்து வந்துவிட்டாளாம். டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, வழியட்டும் என்று நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

இப்போது அம்மா வீடு முழுக்க நடக்கிறாள், தன் உத்தியோகத்தைத் திருப்பிக் கேட்கிறாள். நான் தருவதாக இல்லை. தினமும் சண்டை போட்டு, கடைசியில் காலை வேளை அவளுக்கு, சாயங்காலம் எனக்கு என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம். வெயில் ஏறுகிறது, இனி தண்ணீர்தான் முக்கியம் என்கிறாள். நீயும் உன் ஜன்னலுக்கு வெளியே ஆழமில்லாத கிண்ணத்தில் கொஞ்சம் வை, தினமும் கழுவி மாற்று. ரோட்டைக் கடக்கும்போது போனைப் பார்க்காதே, பஸ் ஓட்டியவன் சொல்கிறேன், கேள். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, உடம்பும் மனசும் தெம்பாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வீடியோவில் கூப்பிடு. அம்மா வாசல் வரை நடந்து காட்டப் போகிறாள். அழாதே, கைதட்டு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா