மாதாவுக்குப் பக்கத்தில் ஒரு அரண்மனை முற்றம்

என் ஆசை அப்பா,

உங்கள் படம் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. போன சனிக்கிழமை அது கைவிட்டுப் போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நீங்கள் துப்புரவு வேலை செய்த அலுவலகத்தில் எறிய வைத்திருந்த படம் அது. பனி கொட்டிய நாளில் உங்கள் ஜாக்கெட்டை அதற்குப் போர்த்தி, நீங்கள் நடுங்கியபடி பஸ்ஸில் கொண்டுவந்தீர்கள். செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த, ஏதோ ஒரு பழைய நகரத்தின் பெரிய முற்றம். சுற்றிவரத் தூண்கள், வளைவுகள், மேலே சிறகு முளைத்த கல்லுப் பிள்ளைகள். அவர்களை மோட்சத்துச் சம்மனசுகள் என்று நினைத்து, இது பெரிய கோயில்தான் என்று மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மாட்டினீர்கள். இரண்டு வருடம் அதன் முன்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னோம்.

வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த பாதர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது கோயில் இல்லை. அரண்மனை முற்றம். உதில நிக்கிறது ஆரோ பிரபுவின்ர குதிரையள்."

அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நீங்கள் அசையவில்லை. "குதிரையளுக்கும் சேர்த்துச் செபிச்சதா இருக்கட்டும், பாதர்."

அதன்பிறகு ஞாயிறு பூசை முடிந்து வந்து, படத்து முற்றத்தில் நிற்கும் சின்ன மனிதர்களுக்குப் பெயர் வைப்போம். தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்பவள் நான் என்றீர்கள். ஒருவரோடும் கதைக்காத எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. தெரிந்துதானே சொன்னீர்கள்?

நீங்கள் கண்மூடியபின் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஒரு பேக்கரியின் பின்பக்கத்தில் பாண் அடுக்குகிறேன். அம்மா அந்தப் படத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மோர்னிங்சைட்டில் புது வீடு வாங்கிய அன்ரி அங்கே மாட்ட அதைக் கேட்டதும், தருவதாக அம்மா சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை அன்ரி வந்து படத்தைக் கழற்றினார். ஆட்கள் வந்தால் அறைக்குள் ஒளிக்கிற நான் ஓடிவந்து சட்டத்தின் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன்.

"அன்ரி, இது அப்பான்ர. தரேலாது."

"அட, உவளுக்கு வாய் இருக்கே!" என்று அன்ரி சிரித்தார். நான் விடவில்லை.

"விடு பிள்ளை," என்றார் அம்மா. "அதைப் பார்த்தா, அவர் பக்கத்தில நிண்டு பகிடி விடுற மாதிரிக் கிடக்கு. என்னால ஏலாது."

எனக்கு அதற்காகத்தானே அப்பா அது வேண்டும்?

அன்ரிதான் முதலில் கையை எடுத்தார். "நீயே வைச்சிரு" என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

படம் இப்போது என் கட்டிலுக்கு மேலே. அம்மா உள்ளே வந்தால் கதவைப் பார்த்தபடியே கதைக்கிறார். நேற்று மட்டும், திரும்பாமலே, "தூசி தட்டினனியே?" என்று கேட்டார்.

அம்மாவை நான் அவசரப்படுத்த மாட்டேன், அப்பா. அவர் நிமிர்ந்து பார்க்கும் நாள்வரை, படத்தின் கண்ணாடியில் தூசி படிய விடமாட்டேன்.

உங்கள் ஒரே மகள்